பெட்டிக்குள் போன கிரேன்

ஆறாவது மாடியில் கதவு திறந்தபோது, கூடத்தில் மூன்று பேர் மூன்று பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி மட்டும் எல்லோருக்கும் பொதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"யாரும் யார்கூடவும் பேசல மேடம்," என்றான் ஆணி, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "ஏதோ பெருசாத்தான் காணாம போயிருக்கு."

மேடம் மூன்று பேரையும் ஒரு முறை பார்த்தார். துப்பறியும் தொழிலில் அவருக்குத் தராசு என்று பெயர். யோசிக்கும்போது இரண்டு கைகளையும் விரித்து, ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்குவார். எந்தக் கை கீழே போகிறதோ அந்தப் பக்கம்தான் வழக்கு முடியும். அவருடைய உதவியாளன் ஆணி. எங்கே இறங்கினாலும் கழற்ற முடியாது என்பதால் அந்தப் பெயர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். தலையில் அடித்து வேலை வாங்குவதால் வந்த பெயர் என்று அவன் சொல்வான்.

"உங்களைக் கூப்பிட்டது நான்தான்," என்று ஒரு நாற்காலியிலிருந்து எழுந்தார் வீட்டுக்காரர். பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் தொழில். விரல் நுனியில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. "என் மேல ஒரு பழி வந்திருக்கு."

"பழி இல்ல. உண்மை," என்றார் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி. கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். அந்தக் கட்டடத்தில் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் அவர் ஃபோட்டோ அக்கா.

மூன்றாவது ஆள் அக்காவின் தம்பி. எதிர்க் கட்டுமானத்தில் கிரேன் ஓட்டுபவன். வேலையே உயரத்தில் என்றாலும் அன்றைக்குத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். எதிரே பாதி எழும்பிய கட்டடத்தில், வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், கிரேனின் கொக்கியிலிருந்து ஒரு கம்பிக் கட்டு விழுந்தது. கீழே நின்ற ஒரு தொழிலாளிக்குக் கால் முறிந்தது. 'சுமையை அந்தரத்தில் தொங்கவிட்டு, கிரேனின் கையையும் பிரேக் போட்டுப் பூட்டிவிட்டு, ஓட்டுநர் சாப்பிடப் போய்விட்டார்' என்று தள இஞ்சினியர் அறிக்கை கொடுத்திருந்தார். தம்பி, இல்லை என்றான். சுமையைத் தரையில் இறக்கிவிட்டு, வெறும் கொக்கியை மேலே ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன் என்றான். இன்று மதியம் விசாரணை. குற்றம் அவன் மேல் என்று ஆகிவிட்டால் லைசென்ஸ் போய்விடும். பின்னாலேயே போலீஸ் வழக்கும் வரும்.

"சாட்சி?" என்றார் தராசு.

"அதோ," என்று பால்கனியைக் காட்டினார் அக்கா. கம்பியில் ஒரு கேமரா இறுகப் பொருத்தப்பட்டிருந்தது. "கட்டடம் வளர்றதைப் படமாக் கேட்டாங்க. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை அதுவே ஒரு ஃபோட்டோ எடுத்துக்கும். சாயங்காலம் எல்லாத்தையும் பெட்டியில கொட்டிட்டு கார்டைக் காலி பண்ணிடுவேன். வெள்ளிக்கிழமை மத்தியானப் படம் இப்ப ஒண்ணுகூட இல்ல. எல்லாம் போச்சு."

சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தார். பார்வையில் ஒரு முழு வழக்கும் தீர்ப்பும் இருந்தன.

"பெட்டியைக் காட்டுங்க," என்றார் தராசு.

பெட்டி, துணி அலமாரியின் கீழ்த்தட்டில், போர்வைகளுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்தது. நான்கு ஹார்ட் டிஸ்க்குகள் செருகிய வீட்டு சர்வர். ஆணி குனிந்து அதன் முன்னால் முழங்காலிட்டான்.

"பதினஞ்சு வருஷக் கல்யாணப் படம் மேடம்," என்றார் வீட்டுக்காரர். "டிராயர் நிறைய சின்னச் சின்ன டிஸ்க்கா கிடந்துச்சு. எதுல எது இருக்குன்னு யாருக்கும் தெரியாது. எல்லாத்தையும் இதுக்கு மாத்தினேன். ஒரு டிஸ்க் காப்பி ஆகறவரைக்கும் பக்கத்துலயே இருப்பேன். ஆனதும் பழசையும் புதுசையும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் பார்ப்பேன். சரியா இருந்தாத்தான் பழசை அழிப்பேன். ஒரு பல்லு மயிரிழை உயரமா இருந்தாலும் வாய் மூடாது. அளவு பார்த்தே பழகினவன் நான்."

"எப்ப மாத்தி முடிச்சீங்க?"

"அரை வருஷம் ஆச்சு. போன வெள்ளிக்கிழமை எடுத்த படத்தை நான் அப்பவே எப்படி அழிக்க முடியும்?"

"இதை அக்காகிட்ட சொன்னீங்களா?" என்றான் ஆணி.

"சொன்னேன். 'பெட்டி உங்களோடதுதானே'ன்னா."

ஆணிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனாலும் அந்தப் பதிலின் பலம் அவனுக்குப் புரிந்தது.

மடிக்கணினியில் வெள்ளிக்கிழமையின் ஃபோல்டரைத் திறந்தார் தராசு. காலைப் படங்கள் இருந்தன. ஆனால் அவற்றின் எண்கள் ஒழுங்காக இல்லை. பத்து, பதினொன்று இருந்தன. அடுத்தது பத்தொன்பது. பிறகு இருபது, இருபத்தொன்று. பிறகு ஒரே தாவலில் முப்பத்தாறு. மதியச் சாப்பாட்டு நேரம் வந்ததும் சுத்தமாக ஒன்றுமே இல்லை.

"காப்பி ஆகும்போது பாதியில கரண்ட் போயிருந்தா?" என்று கேட்டான் ஆணி.

"நின்ன இடத்துல இருந்து கடைசிவரைக்கும் போயிருக்கும்," என்றார் வீட்டுக்காரர். "இது அப்படி இல்ல. இங்க ஒண்ணு, அங்க நாலுன்னு பொக்கை வாய் மாதிரி இருக்கு."

கதவருகில் வந்து நின்ற அக்கா, "இவர் இல்லன்னா அந்த இஞ்சினியரா இருக்கலாம்," என்றார். "சனிக்கிழமை ஆறுதல் சொல்ல வந்தாரு. உக்காந்ததுமே வைஃபை பாஸ்வேர்ட் கேட்டாரு."

"குடுத்தீங்களா?"

"வீட்டுக்கு வந்தவங்க கேட்டா எப்படி இல்லன்னு சொல்றது?"

ஆணி நிமிர்ந்து உட்கார்ந்தான். "மேடம், கேஸ் முடிஞ்சுது. நான் போய் இஞ்சினியரோட சட்டையைப் பிடிக்கட்டுமா?"

தராசு வேறொரு ஃபோல்டரைத் திறந்தார். பத்து வருடத்துக்கு முந்தைய யாரோ ஒருவரின் கல்யாணம். அதிலும் எண்கள் தாவித் தாவிப் போயின. இன்னொரு கல்யாணத்திலும் அதே கதைதான். குடும்பப் படம் என்றால் யாராவது ஒருவர் கண்ணை மூடிவிடுவார் என்று வரிசையாக ஐந்தாறு எடுப்பார்கள். இங்கே முதல் படம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் மாப்பிள்ளையின் அப்பா கண்ணை மூடியிருந்தார். அடுத்த குடும்பத்தில் மாப்பிள்ளையே மூடியிருந்தார்.

தராசு அக்காவுக்குத் தெரியாதபடி திரையைச் சற்றே திருப்பிக்கொண்டார். "எனக்கு ஒரு காபி கிடைக்குமா?" என்று கேட்டார். அக்கா போனார். வீட்டுக்காரரும், தனக்கும் ஒன்று கிடைக்குமா என்ற சந்தேகத்தோடு பின்னால் போனார்.

"ஆணி, பத்து வருஷத்துக்கு முந்தின கல்யாணத்து மேல இஞ்சினியருக்கு என்ன கோபம்?"

"அவரைக் கூப்பிடலையோ என்னவோ."

"பாரு. ஒரே மாதிரி இருக்கற படங்கள்ல முதல் படத்தை மட்டும் விட்டுட்டு, மத்ததையெல்லாம் ஏதோ ஒண்ணு கூட்டித் தள்ளியிருக்கு. இது ஆள் பண்ற வேலை இல்ல. துடைப்பம். பெட்டிக்குள்ள யாரோ ஒரு துடைப்பத்தை வெச்சிருக்காங்க."

"யாரு?"

தராசு ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்துகொண்டே போனார். எல்லா இடத்திலும் பொக்கை வாய். கடைசியில் 'ஆழ்கடல்' என்று ஒன்று. அதில் ஒரே சுறா மீன் படம் மூன்று முறை இருந்தது. ஒரே பவளப் பாறை இரண்டு முறை.

அவர் கைகள் இரண்டும் விரிந்தன. ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது.

"வீட்டையே கூட்டின துடைப்பம் இந்த ஒரு மூலையை மட்டும் தொடல," என்றார். "தொடாதேன்னு யாரு சொல்லியிருப்பாங்க?"

"மீனுக்குச் சொந்தக்காரன்," என்றான் ஆணி. கூடத்துக்குப் போய்த் தம்பியின் தோளைத் தொட்டு, அலமாரி வரை மரியாதையாக அழைத்து வந்தான். தம்பி திரையைப் பார்த்தான். சுறாவைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"நாள் பூரா மேகத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கீங்க," என்றான் ஆணி. "கடலுக்கு அடியில உங்களுக்கு என்ன வேலை?"

"மேலயே பார்த்துப் பார்த்து அலுத்துடுச்சுங்க," என்றான் தம்பி. பிறகு தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னான். பெட்டி வந்த புதிதிலேயே நிறைந்துவிட்டது. உன் மீனையெல்லாம் அழி என்று அக்கா திட்டினார். அழிக்க மனசு வரவில்லை. ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் படங்களைத் தேடி அழிக்கிற புரோகிராம் ஒன்று கிடைத்தது. என் மீனை மட்டும் விட்டுவிடு என்று சொல்லி, ஞாயிறுதோறும் தானாக ஓடும்படி வைத்தான். பெட்டியில் இடம் கிடைத்தது. திட்டு நின்றது. துடைப்பத்தை மறந்துவிட்டான்.

"வெள்ளிக்கிழமை விபத்து. ஞாயித்துக்கிழமை உங்க துடைப்பமே உங்க சாட்சியைக் கூட்டிடுச்சு," என்றார் தராசு.

"ஆமாங்க."

"திரும்ப எடுக்க முடியாதா?"

"அழிஞ்ச இடத்துல வேற எதையும் எழுதாம இருந்தா ஏதாவது பண்ணலாம்." என்றான் தம்பி. "திங்கட்கிழமை மனசு சரியில்லைங்க. திமிங்கலப் படம் ரெண்டு இறக்கிட்டேன்."

"அந்த இடத்துல இப்ப திமிங்கலம் நீந்துது," என்று ஆணி மேடத்துக்கு விளக்கினான்.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேடம். லைசென்ஸ் போனாக்கூட வேற வேலை பார்த்துக்குவேன். அக்கா படம்னா உசுரை விட்டுடும்."

"உங்க மாமா மேல பழி போகுதே?"

தம்பி மறுபடி தரையைப் பார்த்தான்.

தராசு திரையின் பக்கம் திரும்பினார். காலியாகக் கிடந்த மதிய நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆணிக்கு இந்த மௌனம் பழக்கம். ஒன்று விடை வந்துவிட்டது என்று அர்த்தம், இல்லை பசி.

"ஆணி, துடைப்பம் ஒவ்வொரு கூட்டத்துலயும் ஒரு படத்தையாவது விட்டுட்டுத்தானே போகுது?"

"ஆமா."

"அப்ப மத்தியானத்துல மட்டும் ஒண்ணுகூட இல்லாம எப்படிப் போகும்?"

ஆணி மறுபடி எண்களைப் பார்த்தான்.

"மிச்சம் இருந்ததை எடுத்தது துடைப்பம் இல்ல. கை."

சமையலறையில் அக்கா ஏற்கனவே கழுவிய டம்ளரை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் ஓரமாக நின்றார். அவருக்குக் காபி கிடைத்திருக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை மத்தியானத்துல மிஞ்சின படங்கள் எங்க இருக்கு?" என்று கேட்டார் தராசு. வானிலை கேட்பது போன்ற குரல்.

குழாய் நின்றது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, தோளில் தொங்கிய பையிலிருந்து ஒரு மெமரி கார்டை எடுத்து மேடை மேல் வைத்தார். வைத்தவுடன் அழுகையும் வந்துவிட்டது.

"அதுல அவன் ஓட்டிக்கிட்டு இருக்கான் மேடம். சாப்பாட்டு நேரம் பூரா கிரேனோட கை சுத்திக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு படத்துலயும் வேற வேற பக்கம் பார்க்குது. கீழ இறங்கவே இல்ல இவன். இதைப் போய் நானே காட்டினா, என் கையாலயே அவனைப் பிடிச்சுக் குடுத்த மாதிரி. அதான் எடுத்து மறைச்சேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க பொய் சொன்னா காது சிவந்துடும். அதனாலதான் பழியை உங்க மேல போட்டேன்."

"அக்கா, நான் வீட்டுக்கு வந்துதான் சாப்பிட்டேன்," என்றான் பின்னாலேயே வந்து நின்ற தம்பி.

"நான் அன்னைக்கு வெளியில ஷூட்டிங். யாரு பார்த்தது? வந்து பார்த்தா தட்டு கழுவி வெச்சிருக்கு. நீ என்னைக்குடா தட்டு கழுவியிருக்கே?"

"ஒரு நாள் கழுவினா சந்தேகமா?"

"நீ கழுவினா யாருக்கா இருந்தாலும் வரும்."

ஆணி அதற்குள் மடிக்கணினியைக் கொண்டுவந்து கார்டைச் செருகியிருந்தான். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அக்கா சொன்னது சரிதான். கிரேனின் நீண்ட கை ஒரு படத்தில் தண்ணீர்த் தொட்டியைக் காட்டியது. அடுத்ததில் சற்றுத் தள்ளிப் போயிருந்தது. அதற்கடுத்ததில் சாலையைப் பார்த்தது. ஆணி தட்டுவதை நிறுத்தினான். ஆளைக் காப்பாற்ற வந்து, கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டோமே என்று தோன்றியது.

தம்பி திரையைப் பார்த்தான். முதல் தடவையாக அவன் முகம் நிமிர்ந்தது.

"அக்கா, இது காத்து."

"என்னது?"

"நான் இறங்கினா பிரேக்கை எடுத்து விட்டுட்டுத்தான் இறங்குவேன். கையைப் பூட்டி வெச்சா, காத்தை எதிர்த்து நிக்கும். பெருங்காத்து அடிச்சா மொத்தக் கிரேனும் சாஞ்சுடும். அதனால எங்க தொழில்ல ஆள் இறங்கினா கை காத்தோட போகணும். சுத்திக்கிட்டு இருக்குன்னா மேல ஆளே இல்லன்னு அர்த்தம்."

அக்கா படங்களை முதலிலிருந்து மறுபடி பார்த்தார்.

"ஒரு வருஷமா அதையே படம் எடுக்கறேன்," என்றார் அக்கா. "ஒரு வார்த்தை சொல்லல நீ."

"நீ கேக்கவே இல்லையே."

தராசின் கைகள் எழுந்தன. "கையைப் பூட்டிட்டுப் போனாருன்னு இஞ்சினியர் எழுதிக் குடுத்திருக்காரு. ஆனா படத்துல கை சுத்துது. சுத்தினதால ஒவ்வொரு படமும் வேற வேற. அதனால துடைப்பம் இதுல ஒண்ணையும் தொடல. ஆணி, எண்களைப் பாரு. எது வரைக்கும் விடாம வருது?"

ஆணி தட்டிக்கொண்டே போனான். எண்கள் ஒன்றுகூடத் தவறாமல் வந்தன. பிறகு திடீரென்று பெரிய பொக்கை.

"இங்க கை நின்னுடுச்சு. ஒரே மாதிரி ஆனதும் துடைப்பம் கூட்டிடுச்சு," என்றார் தராசு. "கை நிக்கணும்னா?"

"பிரேக் போடணும்," என்றான் தம்பி. "பிரேக் போட, மேல ஆள் வேணும்."

"அப்ப அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு ஆள் ஏணியில இருக்கணும்."

படத்தைப் பெரிதாக்கினார்கள். ஏணியின் அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி. அடுத்த படத்தில் அது கொஞ்சம் மேலே. அடுத்ததிலும் மேலே. பாதி வழியில் இரண்டு படங்களுக்கு அது நகரவே இல்லை. ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு ஏறி, கூண்டுக்குக் கொஞ்சம் கீழே மறுபடி நின்றது. கடைசிப் படத்தில் கூண்டின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது.

"தொழிலாளிகளுக்கு மஞ்சள் ஹெல்மெட்," என்றான் தம்பி. "எனக்கு நீலம். வெள்ளை ஒரே ஒருத்தருக்குத்தான்."

"அப்ப இஞ்சினியரே ஏறி ஓட்டிப் பார்த்து, கம்பிக் கட்டை விழ வெச்சிருக்காரு. ஆணி," என்றார் தராசு, "இவங்க வைஃபை பாஸ்வேர்டை மாத்தச் சொல்லு."

விசாரணை, கட்டுமானத் தளத்தின் ஓரத்தில் இருந்த ஒரு தகர அறையில் நடந்தது. நீண்ட மேசைக்குப் பின்னால் பாதுகாப்பு அதிகாரி உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்திருந்த பெண்மணி. அவர் முன்னால் தம்பியின் லைசென்ஸ் கிடந்தது. தராசு சொல்லி வைத்தபடி, இஞ்சினியர் பேசி முடிக்கும் வரை இந்தப் பக்கத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"சாப்பாட்டு நேரம் முழுக்க கை ஒரே இடத்துல நின்னுச்சு மேடம்," என்றார் இஞ்சினியர். "பூட்டிட்டுப் போயிட்டாரு. என் கண்ணால பார்த்தேன்."

"எழுதிக்கலாமா?"

"தாராளமா."

எழுதிக்கொண்டார். அதன் பிறகு அக்கா, வீட்டில் அச்சடித்துக் கொண்டுவந்த படங்களைச் சீட்டு போடுவது போல ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கிரேனின் கை எப்படிச் சுற்றுகிறது, ஏன் சுற்றுகிறது என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஏணிப் படங்கள் வந்ததும் அவர் பேனாவை மூடினார்.

"இது நான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் இஞ்சினியர். "எனக்கு மூட்டு வலி. அவ்வளவு உயரம் நிக்காம ஏற என்னால முடியாது."

"நிக்காம ஏறினதா யாரும் சொல்லலையே," என்றார் அதிகாரி. ஏணியைக் கட்டிப்பிடித்த இரண்டு படங்களை மட்டும் அவர் பக்கம் தள்ளினார்.

இஞ்சினியர் படித்தவர், சட்டென்று வேறு வழி பிடித்தார். "மீதிப் படமெல்லாம் எங்க மேடம்? நடுவுல எவ்வளவு காணோம் பாருங்க. அவங்களுக்கு வேணுங்கறதை மட்டும் பொறுக்கிட்டு வந்திருக்காங்க. இதெல்லாம் ஒரு சாட்சியா?"

"நியாயமான கேள்வி," என்றார் அதிகாரி. "யாரு அழிச்சது? எதுக்கு? சரியான பதில் இல்லன்னா என்னால இதை ஏத்துக்க முடியாது."

தராசு பேசவில்லை. வெளியாள் சொன்னால் அது கதை. ஆணியும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்ததே அன்றைய பெரிய அதிசயம். வீட்டுக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு, அந்தப் பழியையும் ஏற்றுக்கொள்ளத் தயாரானவர் போல நின்றார். அவர் காது இப்போதே சிவக்கத் தொடங்கியிருந்தது.

தம்பி மேசையில் கிடந்த லைசென்ஸைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். எழுந்தான்.

"நான்தாங்க. பெட்டியில இடம் பத்தலன்னு, ஒரே மாதிரி இருக்கற படத்தையெல்லாம் தானா அழிக்கற புரோகிராம் ஒண்ணு வெச்சிருந்தேன். விபத்து நடக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே வெச்சது. ஆளைப் பார்த்து அழிக்காதுங்க. யாரை வேணா அனுப்பிப் பாருங்க. எங்க அக்காவோட பதினஞ்சு வருஷக் கல்யாணப் படத்துலயும் இதே மாதிரிதான் போயிருக்கு."

"எது?" என்றார் அக்கா.

"எல்லாருக்கும் ஆல்பம் குடுத்தாச்சேக்கா."

"கல்யாணப் படமா?"

"ஒவ்வொண்ணுலயும் ஒரு படம் மிச்சம் இருக்கு," என்றான் தம்பி. "கண்ணு மூடினது."

அதிகாரி அக்காவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் ஒத்திகை பார்த்து வைத்த முகம் இல்லை என்று தெரிந்துகொள்ள அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போட்டார். இஞ்சினியரை வெளியே போகாமல் உட்காரச் சொன்னார். லைசென்ஸை எடுத்து மேசையின் இந்தப் பக்கம் தள்ளினார்.

"நாளையில இருந்து வேலைக்கு வரலாம்."

தம்பி கையை நீட்டினான். அதற்கு முன்னால் அக்காவின் கை போய்விட்டது. லைசென்ஸ் அவருடைய கைப்பைக்குள் போனது. ஜிப் மூடியது.

"வீட்டுக்கு வா," என்றார். "தர்றேன்."

தம்பி உதவிக்கு அதிகாரியைப் பார்த்தான்.

"அது குடும்ப விஷயம்," என்று சொல்லிவிட்டு, அவர் இஞ்சினியர் பக்கம் திரும்பினார்.